தையல் நூல்

சட்டையின் இரண்டாவது பொத்தானை அவிழ்த்த நர்ஸ் சரோஜினி தீதியின் கை அப்படியே நின்றுவிட்டது. ஈரத்துணியைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு அவள் திரும்பிக் காமுவைப் பார்த்தாள். கட்டிலில் கிடந்தவனின் இடது தோளிலிருந்து மார்புக்குக் குறுக்கே பூணூல் ஒன்று கிடந்தது.

 கிடந்தவன் அவளுடைய அண்ணா பாலசுப்ரமணியன். ஞானஸ்நானம் வாங்கி டேவிட் ஆனவன். பாலிகஞ்சில் இந்த மிஷன் வைத்தியசாலையில், தெருவில் விழுந்து கிடக்கிறவர்களைத் தூக்கி வந்து பணிவிடை செய்துகொண்டிருந்தவன். இன்று விடியும்போது அவனே வாந்திபேதியில் போய்விட்டான். அவன் பூணூலைக் கழற்றிய சேதி கும்பகோணம் வந்த அன்றே அப்பா தர்ப்பையால் ஓர் உருவம் செய்து, அவன் பெயரைச் சொல்லிக் கொளுத்தினார். குடத்தை உடைத்தார்கள். வீட்டிலுள்ள எல்லோரும் குளித்தார்கள். அழுதுகொண்டிருந்த காமுவையும் கிணற்றடிக்கு இழுத்துப் போய்த் தலையில் ஊற்றினார்கள். உயிரோடு இருக்கிறவனுக்குச் சாவு ஸ்நானம். அதற்கும் ஒரு விதி வைத்திருக்கிறார்கள்.

அதனால்தான் காலையில் வைத்தியசாலை ஆள் பவானிபூர் வீட்டு வாசலுக்கு வந்து சேதி சொன்னபோது, அவள் கணவன் பட்டாபிராமன் படித்துக்கொண்டிருந்த பேப்பரைக்கூட மடிக்கவில்லை.

"நமக்குத் தீட்டு கிடையாது, காமு. அன்னிக்கே ஸ்நானம் பண்ணியாச்சு. ஒருத்தனுக்கு எத்தனை தரம் பண்றது?"

காமு படியிறங்கி நடந்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அப்படிச் செய்ததில்லை. பெண்டாட்டி தனியாகத் தெருவில் போனால் ஆபீஸ்காரர்கள் பார்த்துவிடுவார்களே என்று அவரும் குடையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தார். வந்தவர் கிறிஸ்தவக் கட்டடத்துக்குள் காலெடுத்து வைக்க மாட்டேன் என்று முற்றத்து வேப்பமரத்தடியில் நின்றுகொண்டார்.

பாலு கல்கத்தாவில் இருப்பது இருவருக்கும் தெரிந்ததுதான். ஒரு தடவை சௌரிங்கியில் டிராமில் போகும்போது அவன் ரோட்டோரம் நின்றிருந்தான். 'அந்தப் பக்கம் பாரு' என்றார் பட்டாபிராமன். அவள் மைதானத்தைப் பார்த்தாள். பாலுவின் கை பாதி உயர்ந்து இறங்கியதை ஓரக்கண்ணால் பார்த்தும் அவள் திரும்பவில்லை. 

சரோஜினி போய் பிஸ்வாஸ் பாதிரியாரைக் கூட்டி வந்தாள். அவர் பூணூலைப் பார்த்தார். நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் முகத்தில் ரத்தம் இல்லை. கடைசியில் இவன் எங்களை விட்டுப் போய்விட்டானா என்று வங்காளியில் காமுவிடமே கேட்டார். உங்கள் வீட்டுக்கு வந்து போய்க்கொண்டிருந்தானா, நீங்கள் யாராவது போட்டுவிட்டீர்களா என்றும் கேட்டார். குழி வெட்டியாகிவிட்டது. சபைப் பெரியவர்கள் வந்துகொண்டிருக்கிறார்கள். இதைப் பார்த்தால் பாதிப்பேர் அப்படியே திரும்பிவிடுவார்கள் என்றார்.

காமு இல்லை என்று தலையை ஆட்டினாள்.  ஆனால் உள்ளே, சொல்லவே வெட்கமாக, அவளுக்கு ஒரு சந்தோஷம் பொங்கியது. அண்ணா திரும்பி வந்துவிட்டான்.

ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த பட்டாபிராமன், அத்தனை நேரம் மிதிக்க மாட்டேன் என்ற வாசற்படியைத் தாண்டி விறுவிறுவென்று உள்ளே வந்தார்.

"காமு, காளிகாட்டு மயானத்துலயே நம்ம முறைப்படி பண்ணிடலாம். ஆபீஸ்ல சொல்லி நாலு பேரை அழைச்சுண்டு வரேன். உங்கப்பாவுக்கு ஒரு தந்தி குடுத்தா மனுஷர் மனசு ஆறிப்போயிடும்."

அப்போது தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து தமிழில் ஒரு குரல் கேட்டது. "பாலு... தீர்த்தம் குடுடாப்பா."

 வீட்டில் மட்டும் கூப்பிடுகிற பெயர் அது. காமு பக்கத்து அறைக்கு ஓடினாள். பாயில் ஒரு கிழவர் ஒட்டிப்போன கன்னத்தோடு கிடந்தார். வைத்தீஸ்வர ஐயராம், மாயவரத்துப் பக்கம். காசிக்குப் போகிற வழியில் காளிகாட்டில் வாந்திபேதி கண்டது. கூட வந்தவர்கள் சத்திரத்து வாசலில் போட்டுவிட்டு ரயிலேறிவிட்டார்கள். பாலுதான் வண்டியில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறான்.

"கண்ணை முழிச்சா எல்லாம் கிறிஸ்தவாளா இருந்தா," என்றார் கிழவர். "நாக்கு வறண்டு போச்சு. செத்தாலும் சரின்னு வாயை இறுக்க மூடிண்டேன். அந்தப் பிள்ளை எங்கயோ போயிட்டு வந்தான். சட்டையைக் கழட்டிப் பூணலைக் காமிச்சான். கோத்ரம் சொல்லி நமஸ்காரம் பண்ணினான். கங்கையில நானே மொண்டுண்டு வந்தேன், குடியுங்கோன்னான். அப்பறந்தான் வாயைத் தொறந்தேன். காலம்பறலேந்து ஆளைக் காணும். நீ யாரும்மா?"

"அவன் தங்கை," என்றாள் காமு.

அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை. திரும்பி வந்து கட்டிலருகே மண்டியிட்டுப் பூணூலை விரலால் தடவிப் பார்த்தாள். அப்பா ஆவணி அவிட்டத்துக்கு முன்னால் தக்களியில் நூற்று, முறுக்கி, பிரம்மமுடிச்சுப் போடுவதைப் பார்த்து வளர்ந்தவள் அவள். இதில் பிரம்மமுடிச்சு இல்லை. காயக்கட்டுக்குப் போடுகிற சாதாரண முடிச்சு. நூலும் கையால் நூற்றதில்லை, கடையில் விற்கிற தையல் நூல்.

இந்த நூல் எங்கே கிடைத்தது என்று சரோஜினியிடம் கேட்டாள். சரோஜினி கொஞ்சம் யோசித்துவிட்டு அலமாரியிலிருந்து தன் தையல் டப்பாவைக் கொண்டுவந்து திறந்தாள். வெள்ளை நூல்கண்டில் கட்டைதான் மிச்சம் இருந்தது. கிழவரைக் கொண்டுவந்த அன்று, பொத்தான் தைக்க வேண்டும் என்று டேவிட் பாபு வாங்கிக்கொண்டு போனதாகச் சொன்னாள்.

சற்று முன் பொங்கிய சந்தோஷம் காமுவுக்குள் அப்படியே அடங்கியது. அண்ணா திரும்பி வரவில்லை. யாரென்றே தெரியாத ஒரு கிழவர் ஒரு வாய் தண்ணீர் குடிப்பதற்காகத்தான், அப்பா உருவம் செய்து கொளுத்தியும் மறுபடி போட்டுக்கொள்ளாததைப் போட்டுக்கொண்டிருக்கிறான். அதை அவள் தனக்குத் தெரிந்த வங்காளியில் பாதிரியாரிடம் சொன்னாள். சொல்லிவிட்டு, கழற்றிவிடலாம் என்று நூலில் கை வைத்தாள்.

பாதிரியார் எழுந்து வந்து அவள் கையை மெல்ல விலக்கினார். இருக்கட்டும் என்றார். சபைக்குத் தான் பதில் சொல்லிக்கொள்வதாகவும், அவன் இதோடேயே போகட்டும் என்றும் சொன்னார். அவரே குனிந்து சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டார். கடைசிப் பொத்தானைப் போட அவருக்கு வெகுநேரம் பிடித்தது.

"பொய்ப் பூணலா?" என்றார் பட்டாபிராமன். குரல் இறங்கிவிட்டது. "அந்தக் கிழவருக்குத் தெரிஞ்சா இன்னிக்கே உயிரை விட்டுடுவாரே."

"தெரிய வேண்டாம். காலம்பறலேந்து அவர் வாயில ஒரு சொட்டு ஜலம் போகலை. நீங்க போய்க் குடுங்கோளேன்."

பட்டாபிராமன் அடுத்த அறையின் வாசலைப் பார்த்தார். அங்கிருந்து வந்த நாற்றத்துக்கு மூக்கைச் சுளித்தார். பிறகு கையிலிருந்த குடையைப் பார்த்தார். அந்தக் குடையில் பார்க்க அப்படி என்ன இருந்ததோ தெரியவில்லை.

காமு முற்றத்துக்குப் போனாள். தொட்டியடியில் உட்கார்ந்து, கட்டின புடவையோடு, செம்பால் மொண்டு மொண்டு தலையில் விட்டுக்கொண்டாள். மார்கழிக் குளிருக்குத் தண்ணீர் ஊசியாகக் குத்தியது. பட்டாபிராமன் பதறிப்போய் ஓடி வந்தார்.

"என்ன பண்றே? நமக்குத்தான் தீட்டே இல்லைன்னு சொன்னேனே."

"எங்கண்ணா இன்னிக்குத்தான் செத்தான்," என்றாள் காமு.

 அவள் இன்னொரு செம்பு ஊற்றிக்கொண்டு எழுந்தாள்.

கிழவரின் தலைமாட்டில், பாலு கங்கையில் மொண்டு வைத்திருந்த குடத்தில் தண்ணீர் பாதி இருந்தது. காமு டம்ளரில் எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். கிழவர் ஈரப்புடவையையும் சொட்டுகிற தலையையும் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

"மடியா வந்துட்டியேம்மா. அண்ணாவும் தங்கையும் என்ன ஆசாரம். பெத்தவா புண்ணியம் பண்ணியிருக்கணும்."

அவள் அவர் பிடரியில் கை கொடுத்துத் தூக்கி, டம்ளரைத் தாழ்த்திப் பிடித்தாள். இரண்டு மடக்குக் குடித்தார். முற்றத்தில் சவப்பெட்டிப் பலகையின் மேல் ஆணி அடிக்கிற சத்தம் தொடங்கியது. கிழவர் டம்ளரிலிருந்து வாயை எடுத்தார்.

"அதென்னம்மா சத்தம்?"

"தச்சு வேலை நடக்கறது, மாமா," என்றாள் காமு. "நீங்க குடியுங்கோ."

அவர் குடித்தார். அவள் கூந்தலிலிருந்து தண்ணீர் சொட்டிப் பாயின் ஓரம் நனைந்துகொண்டிருந்தது.