இன்னைக்கு ஒரு நாள்

காது மிஷின் உள்ளே போக மறுத்தது. பெரியவன் சவப்பெட்டியின் மேல் குனிந்து, நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு, அக்காவின் இடது காதில் அதைத் திருகித் திருகிப் பார்த்தான். உயிரோடு இருந்திருந்தால் அவள் இந்நேரம் அவன் கையைத் தட்டிவிட்டிருப்பாள்.

“விடுங்களேன்,” என்றாள் அண்ணி. “இனிமே எதுக்கு அது?”

“எக்காளம் ஊதும்போது கேக்க வேண்டாமா?”

கடைசி நாளில் எக்காளம் ஊதும், கல்லறையில் இருப்பவர்கள் எழுந்திருப்பார்கள் என்பது அந்தக் குடும்பத்தில் வழிவழியாக வந்த நம்பிக்கைதான். நெசவு மில்லில் பாதி ஆயுளைக் கழித்துக் காதைத் தொலைத்துவிட்டு வந்தவள் அக்கா. அவள் மட்டும் ஊதினது கேட்காமல் படுத்தே கிடந்துவிட்டால் என்ன செய்வது? பெரியவன் மரச்சாமான் கடையில் சரக்கு அனுப்பும் பொறுப்பில் இருப்பவன். கட்டிலை அனுப்பிவிட்டு ஸ்குரூவை மறக்கிற ஆள் இல்லை.

“உக்காந்துடுச்சு,” என்று நிமிர்ந்தான்.

பாதிதான் உட்கார்ந்திருந்தது. அறை வாசலில் நின்றிருந்த அவன் தம்பி சின்னவனுக்கு அது தெரிந்தது. அக்காவின் விரல்கள் வாதத்தில் வளைந்துபோனதிலிருந்து அந்த மிஷினுக்குப் பாட்டரி போடுவது அவன் வேலை. இந்த ஒரு வருஷத்தில் அவன் செய்த ஒரே வேலையும் அதுதான். ‘அண்ணா, அது ஆன்ல இருக்கு’ என்று சொல்ல நினைத்தான். நினைத்ததோடு சரி. ஒரு வாக்கியத்தை வாய்வரை கொண்டுவருவது அவனுக்கு இப்போதெல்லாம் பெரும் பாடாக இருந்தது.

சின்னவன் டவுன் பஸ் ஓட்டுநர். போன வருஷம் ஒரு நிறுத்தத்தில் ஆட்களை ஏற்றிய பிறகு அவனுக்கு வண்டியை எடுக்க முடியவில்லை. கண்டக்டர் விசில் அடித்தார். திரும்பவும் அடித்தார். நாலு பேர் இறங்கிவந்து டயரைப் பார்த்தார்கள். அவன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்தே இருந்தான். டெப்போவிலிருந்து வந்த மெக்கானிக் ஒரே திருப்பில் வண்டியைக் கிளப்பிக் காட்டியதும், பழுது வண்டியில் இல்லை என்று எல்லோருக்கும் புரிந்தது. டாக்டர் மாத்திரை கொடுத்தார். மாத்திரை தூங்கவைத்தது. விடிந்த பிறகு எதற்காக எழுந்திருக்க வேண்டும் என்ற கேள்வி மட்டும் தினமும் அவனுக்கு முன்னால் எழுந்து கட்டிலருகே காத்திருந்தது. எழுந்திருக்காமலே போய்விட்டால் நன்றாக இருக்குமே என்று அவன் நினைத்த காலைகள் நிறைய.

அந்தக் காலைகளில் எல்லாம் சமையலறையிலிருந்து அக்காவின் குரல் வரும். பாலை அடுப்பில் வைத்துவிட்டு அவள் ஜெபம் பண்ணுவாள். தனக்குள் முணுமுணுப்பதாகத்தான் அவள் எண்ணம். ஆனால் மிஷின் மாட்டாத நேரம் அது. எல்லா மாடிக்கும் கேட்கும். குடியிருப்பில் அவளுக்கு மைக்கக்கா என்றே பெயர்.

“ஆண்டவரே, நேத்தும் இவன் பல்லு வெளக்கல. சட்டை மாத்தி எவ்வளவு நாளாச்சுன்னு நான் சொல்லணுமா, அங்க வரைக்கும் வாசனை வந்திருக்கும். நான் ஒண்ணும் மொத்தமா கேக்கல. இன்னைக்கு ஒரு நாள் இவன உசுரோட வெச்சிருங்க. நாளைக்கு வேணுங்கிறத நாளைக்கு வந்து கேட்டுக்கறேன்.”

பால் பொங்குவதற்குச் சரியாக முன்னால் ஆமென் சொல்லி அடுப்பை அணைப்பாள். கீழ்வீட்டில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற டிரில் மாஸ்டர் துடைப்பக் கட்டையால் தன் வீட்டு மேல்தளத்தைத் தட்டுவார். அக்காவுக்கு அது எங்கே கேட்கப் போகிறது. படியில் எதிர்ப்படுகிறவர்கள் எல்லாம் சின்னவனின் வாயைப் பார்ப்பதால் அவன் படியிறங்குவதையே விட்டிருந்தான்.

ஒருநாள் பொறுக்கமுடியாமல் அவள் மிஷின் பக்கம் வாயை வைத்துச் சொன்னான்: “எனக்காக ஜெபம் பண்ணாதக்கா. எனக்கு நம்பிக்கை இல்ல.”

“நான் உன்கிட்டயா கேக்குறேன்?” என்றாள் அக்கா.



நேற்றுக் காலையும் கேட்டாள். மத்தியானம் நாற்காலியில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தவளின் தலை சாய்ந்தது. தூங்குகிறாள் என்று நினைத்து சின்னவன் மின்விசிறியைக் கொஞ்சம் கூட்டிவைத்தான். கூட்டிவைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டான்.

நேற்றைய நாள் அவள் கேட்டு வாங்கியது, சரி. இன்றைய நாளை யார் கேட்டது? யாரும் கேட்கவில்லை. டிக்கெட் எடுக்காமல் பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவன் மாதிரி, விடிந்ததிலிருந்து அவன் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அண்ணி ஒரு சட்டையை நீட்டினாள்.

“இஸ்திரி போட்டிருக்கேன். கோயிலுக்கு வர்றதும் வராததும் உன் இஷ்டம். ஆனா வரலன்னா உங்கண்ணன் அதயே வாழ்நாள் பூரா என்கிட்டதான் பேசுவார். எனக்காக வா.”

அவன் சட்டையைப் போட்டுக்கொண்டான். பெட்டியை இறக்கத் தொடங்கினார்கள். “மூலை இடிக்குது, கொஞ்சம் சாய்ச்சுத் தூக்கு, பாலிஷ் போயிடும்,” என்று பெரியவனின் குரல் பீரோ இறக்கும் தோரணையில் படி முழுக்க எதிரொலித்தது. சின்னவன் பின்னாலேயே போனான். கீழ்வீட்டு வாசல்வரை வந்தான். அங்கே கால் நின்றுவிட்டது. அன்றைக்கு பஸ்ஸில் நின்ற அதே மாதிரி. பெட்டி திருப்பத்தில் மறைந்தது. இப்படியே திரும்பி மேலே போய்ப் படுத்துவிடலாம், இனிமேல் எழுப்ப ஆள் இல்லை என்று தோன்றியது. அந்த நினைப்பு பயமாக இல்லாமல் சுகமாக இருந்ததுதான் அவனுக்குப் பயமாக இருந்தது.

கதவு திறந்தது. டிரில் மாஸ்டர் தேய்த்த பேண்ட்டும் மினுக்கிய ஷூவுமாக வெளியே வந்தார்.

“என்னப்பா, அட்டென்ஷன்ல நிக்கிற?”

“முடியல சார்.”

மாஸ்டர் கதவைப் பூட்டினார். பூட்டைக் கையில் பிடித்துக்கொண்டே திரும்பாமல் பேசினார்.

“நான் தொடப்பத்தால தட்டுறது உனக்குக் கேக்கும்ல? முதல்ல சத்தம் தாங்காமதான் தட்டினேன். அப்புறம் அந்தம்மா முடிக்கிற வரைக்கும் இருந்து தட்ட ஆரம்பிச்சேன். ஆமென்னு சொல்ல எனக்கு வாய் வராது. சாமி விஷயமெல்லாம் எனக்கு ஆகாது, உனக்கே தெரியும்.”

“தெரியும் சார்.”

“இன்னைக்கும் அதே நேரத்துக்கு முழிப்பு வந்துடுச்சு. மேல சத்தமே இல்ல. இவனுக்கு இன்னைக்கு யார் கேக்குறதுன்னு மனசுக்குள்ள ஒரே அரிப்பு.” தொண்டையைச் செருமினார். “நானே கேட்டுட்டேன்.”

“என்ன கேட்டீங்க?”

“அதான்பா. இன்னைக்கு ஒரு நாள்னு. யார்கிட்ட கேட்டேன்னு கேக்காத, எனக்கே தெரியாது. வெளிய சொல்லிடாத. எனக்குன்னு ஒரு பேர் இருக்கு.”

சின்னவன் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதான். அக்கா போனதற்கு நேற்று வராத அழுகை இப்போது மூக்கு வாய் எல்லாவற்றாலும் வந்தது. மாஸ்டர் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு கையை நீட்டினார்.

“சரி சரி. என் முழங்கால் படியில மடங்காது. கையப் புடி.”

ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். யார் யாரை இறக்கினார்கள் என்று சொல்வது கஷ்டம்.

கோயிலில் போதகர் நிதானமாகப் பேசுகிறவர். அக்கா ஆண்டவருக்குப் பிரியமானவள் என்றார், ஆலயத்தில் அவள் குரல் தனியாகக் கேட்கும் என்றார். முன்வரிசையில் இரண்டு பேர் இருமினார்கள். “நம் சகோதரி இப்பொழுது எந்தச் சத்தமும் எட்டாத பூரண அமைதியில்…” என்று அவர் ஆரம்பித்தபோது, மெல்லிய, நீளமான விசில் ஒன்று எழுந்தது.

போதகர் நிறுத்தினார். விசில் நிற்கவில்லை. ஆளாளுக்குத் தங்கள் போனை எடுத்துப் பார்த்தார்கள். மைக்செட்காரர் ஓடிவந்து ஒயரைப் பிடுங்கினார். அப்போதும் கேட்டது. சத்தம் பெட்டிக்குள்ளிருந்து வருகிறது என்று முன்வரிசைக்குத் தெரிந்ததும், “ஸ்தோத்திரம்” என்று யாரோ முனகினார்கள். வரிசையே எழுந்து ஒரு வரிசை பின்னால் போனது. பெரியவன் மட்டும் வெளிறிப்போய் நின்றான்.

சின்னவனுக்கு உடனே புரிந்தது. சரியாக உட்காராத மிஷினுக்குப் பக்கத்தில் தலையணை அழுத்தினால் அது இப்படித்தான் கத்தும். தினமும் அதைக் கேட்டு அடக்கியவன் அவன். கால்கள் அவனைக் கேட்காமலே நடந்தன. அக்காவின் முகத்தருகே குனிந்தான். வாய் லேசாகத் திறந்து, ஏதோ புகாரைப் பாதியில் விட்டவள் போலிருந்தாள். அவனுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தான், தோள் குலுங்கியது. அழுகிறான் என்று நினைத்து யாரோ முதுகைத் தடவினார்கள். மிஷினைக் கழற்றி, நகத்தால் அதன் சின்ன மூடியைத் திறந்தான். விசில் நின்றது.

பெரியவன் காதோடு காதாகச் சீறினான். “ஆஃப் பண்ணிட்டியே. எக்காளம் எப்படிடா கேக்கும்?”

“அவர் சத்தமா ஊதுவார்ணா.”

“யாரு?”

“ஆண்டவர்தான். அக்கா அவர்கிட்ட எவ்வளவு சத்தமா பேசியிருக்கா. அவளுக்குக் கேக்குற மாதிரி ஊத அவருக்குத் தெரியாதா?”

தன் வாயிலிருந்து வந்ததை அவனே ஒரு கணம் ஆச்சரியமாகக் கேட்டுக்கொண்டான். ஆறுதலுக்குச் சொன்ன பேச்சு இல்லை அது. அப்படித்தான் நடக்கும் என்று அவனுக்கு உறுதியாகத் தெரிந்தது. பெரியவன் யோசித்தான். யோசித்துவிட்டு, அனுப்பவேண்டிய சரக்கு சரியாக இருக்கிறது என்கிற மாதிரி தலையாட்டினான். சின்னவன் மிஷினைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

போதகர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். “நான் எங்கே விட்டேன்?”

“அமைதியில விட்டீங்க,” என்றார் கடைசி வரிசையிலிருந்து டிரில் மாஸ்டர்.

மறுநாள் விடிந்தது. கேள்வி வழக்கம்போல் கட்டிலருகே நின்றது. சின்னவன் அதைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் படுத்திருந்தான். பிறகு எழுந்து, அதைச் சுற்றிக்கொண்டு சமையலறைக்குப் போனான். அண்ணனும் அண்ணியும் கூடத்தில் அசந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். பாலை அடுப்பில் வைத்தான். காது மிஷினைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து, தீப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தான்.

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. மெதுவாக “ஆண்டவரே” என்று சொல்லிப்பார்த்தான். ஒட்டவில்லை. இந்த வீட்டில் ஜெபம் அப்படி இருந்ததே இல்லை. தொண்டையைக் கனைத்துக்கொண்டு, இருந்த குரலை எல்லாம் திரட்டினான்.

“ஆண்டவரே, நான் மைக்கக்காவோட தம்பி. அக்கா அங்க வந்திருப்பா. மிஷின் இங்கதான் இருக்கு, அதனால நீங்க கொஞ்சம் உரக்கப் பேசுங்க. எனக்குக் கேக்கத் தெரியாது. அவ கேட்டதயே கேக்குறேன். இன்னைக்கு ஒரு நாள் என்னை வெச்சிருங்க. கீழ்வீட்டு டிரில் மாஸ்டரையும் வெச்சிருங்க, அவருக்கு முழங்கால் வலி. நேத்து அவர் கேட்டது உங்ககிட்டதான். அவருக்கு அது தெரியாது. நான் சொன்னதா இருக்க வேண்டாம். ஆமென்.”

கூடத்தில் பெரியவன் பதறி எழுந்து உட்காரும் சத்தம் கேட்டது. கீழே எதுவும் இல்லை. சின்னவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றான்.

காலடியில் துடைப்பக் கட்டை ஒருமுறை தட்டியது. கொஞ்சம் பலமாகவே.

அதற்குள் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்திருந்தது. அவன் அடுப்பை அணைத்து, துணியை எடுத்துத் துடைத்தான். துடைத்துவிட்டுப் பல் தேய்க்கப் போனான்.