மடைக்கு வரவும்

சங்கிலிப்பாண்டி செத்து அடுத்த வருஷ மழையும் வந்துவிட்டது. ஆனாலும் கான்சாபுரம் மடைக்கு அவனை இன்னும் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். கூப்பிட வைத்தவள் வேறு யாருமில்லை, அவன் பெண்டாட்டி மாரிச்செல்வி.

பேயுமில்லை, பிசாசுமில்லை, கம்ப்யூட்டர் வேலை. பிளவக்கல் அணைத் தண்ணீரை முறை வைத்துப் பாய்ச்சும் விவசாயிகள் சங்கம், முறை வந்தவரைப் போனில் கூப்பிட்டுச் சொல்ல ஒரு ஏற்பாடு கேட்டது. ராஜபாளையத்தில் அவள் வேலை பார்த்த சின்னக் கம்பெனிக்கு அது வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் அறை எடுத்துத் தங்கி பஸ்ஸில் போய்வருகிறவள் அவள். புருஷன் போன பிறகு கான்சாபுரம் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை.

சங்கம் கொடுத்த விவரமெல்லாம் எக்ஸ்எம்எல் கோப்பாக இருந்தது. ஒவ்வொரு பெயருக்கும் முன்னும் பின்னும் டேக் என்கிற ஒரு அடையாளக் குறி. தண்ணீர் முறை பட்டாவோடு போவது. பட்டா மாறாமல் பெயரை எடுக்க முடியாது. அதனால் செயலாளர் தங்கச்சாமி, இறந்தவர் பெயரை அப்படியே விட்டு, முன் டேக்குக்குள்ளேயே ‘நிலை: காலமானார்’ என்றும் பக்கத்தில் ‘வாரிசு’ என்றும் குறிக்க வைத்திருந்தார். சங்கிலிப்பாண்டிக்கு வாரிசு இடம் வெறுமையாகக் கிடந்தது. போய்ச் சொல்லவேண்டியவள் போகவில்லை.

போனில் பேசும் மெஷின் குரலுக்கு டேக் ஆகாது. வெறும் எழுத்து வரிதான், அதாவது ஸ்ட்ரிங்தான் வேண்டும். கோப்பை அப்படி உருமாற்றித் தரும் எக்ஸ்எஸ்எல்டி ஸ்டைல்ஷீட் ஒன்றை மாரிச்செல்வி எழுதினாள். அது பெயரை ஸ்ட்ரிங்காக மாற்றும்போது டேக் உதிர்ந்தது. உள்ளே இருந்த ‘காலமானார்’ என்ற சொல்லும் சேர்ந்து உதிர்ந்தது. முதல் சோதனையிலேயே திரையில் வந்தது: ‘சங்கிலிப்பாண்டி அவர்களே, இன்று மாலை உங்கள் முறை. மடைக்கு வரவும்.’

தப்பு எங்கே என்று அப்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஸ்டைல்ஷீட்டில் ஒரு நிபந்தனை சேர்த்தால் தீர்ந்தது. சேர்க்கத்தான் மனசு வரவில்லை. உயிரோடு இருக்கிற ஆளாக அவனை ஒரு குரல் கூப்பிடுகிறது, அதுவும் ‘அவர்களே’ என்று! இருந்துவிட்டுப் போகட்டும், யார் எடுக்கப்போகிறார்கள் அந்தப் போனை என்று அப்படியே அனுப்பிவிட்டாள்.

எடுக்க ஆள் இருந்தது. மாமியார் செல்லக்கனி மகனின் போனை ரீசார்ஜ் செய்து, சார்ஜ் போட்டு, மடியிலேயே வைத்திருந்தாள்.

அது மாரிச்செல்விக்குத் தெரிந்தது, புருஷனின் சித்தப்பா மகன் விஜயபாண்டி ஆபீஸுக்குப் போன் செய்தபோதுதான்.

“மைனி, பெரியம்மா வாய்க்கால்ல விழுந்துட்டாக. நல்லவேள, நான் பக்கத்து வயல்ல நின்னேன், தூக்கிட்டேன்.”

“அத்தை எதுக்கு மடைக்குப் போனாக?”

“அண்ணனக் கூப்புடுற போன் வரும்போதெல்லாம் போறாக. மடை மேலயே உக்காந்துக்கிட்டு, ‘இம்புட்டு மரியாதையாக் கூப்புடுறாக, பய வராமலா போயிருவான்’ங்காக. அடுத்த தடவ நான் பக்கத்துல இருப்பனோ என்னமோ மைனி.”

மாரிச்செல்வி போனை வைத்தாள். ஆசைக்கு விட்டுவைத்த பெயர் ஒரு தாயைத் தண்ணீருக்குள் தள்ளப் பார்த்திருக்கிறது.

ஸ்டைல்ஷீட்டைத் திறந்தாள். எதெல்லாம் உதிர்கிறது என்று பார்க்க, அவன் பெயரை மட்டும் டேக்கோடு முழுசாக ஸ்ட்ரிங்காக்கி மெஷின் குரலுக்குக் கொடுத்தாள். ஹெட்போனில் அது ஏற்ற இறக்கம் இல்லாமல் படித்தது: “பெயர். நிலை, காலமானார். வாரிசு... சங்கிலிப்பாண்டி.”

சொந்தபந்தமெல்லாம் அவள் முன்னால் சொல்லத் தயங்கி விழுங்கிய சொல். மெஷினுக்கு என்ன தெரியும், போட்டு உடைத்துவிட்டது. வாரிசு என்றதும் குரல் கொஞ்சம் நின்றதே, அது அவளுக்காகக் காத்திருப்பதுபோல் இருந்தது. மறுபடி கேட்டாள். மறுபடியும் நின்றது. அவன் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்பதுபோல் பிடரி கூசியது. திரும்பிப் பார்க்கப் பயம், பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. பின்னால் வெள்ளைச் சுவர்தான் இருந்தது. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

அழுது முடித்துத் தங்கச்சாமியிடம் பேசினாள். வெறுமையாகக் கிடந்த இடத்தில் தன் பெயரையும் நம்பரையும் போட்டாள். காலமானார் என்றிருந்தால் வாரிசைக் கூப்பிடு என்று ஸ்டைல்ஷீட்டில் எழுதினாள்.

அடுத்த முறையன்று அவள் போன் அடித்தது. “மாரிச்செல்வி அவர்களே, இன்று மாலை உங்கள் முறை. மடைக்கு வரவும்.” எழுதியவளே அவள்தான், இருந்தும் கேட்டதும் உடம்பு சிலிர்த்தது. ஆபீஸில் சொல்லிக்கொண்டு பஸ் ஏறினாள்.

வெளிச்சம் இருக்கும்போதே போய்விட்டாள். செல்லக்கனி அவளுக்கு முன்பே மடை மேல் உட்கார்ந்திருந்தாள். மடியில் போன், பக்கத்தில் மகனின் மம்பட்டி.

“முறை நாளு எனக்குத் தெரியாதா? இன்னைக்கு அவனக் கூப்புடவே இல்லையேட்டி.”

“இனிமே கூப்புட மாட்டாக அத்தை. அவிய செத்துப் போனாக.” அவள் வாயிலிருந்து முதல் தடவையாக அது வந்தது. “என்னையத்தான் கூப்புட்டாக.”

செல்லக்கனி தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மலைப்பக்கம் பொழுது இறங்கியது. பிறகு போனை அணைத்து முந்தானையில் முடிந்துகொண்டு, மம்பட்டியை எடுத்து மருமகளிடம் நீட்டினாள்.

“அப்ப எறங்கு. நம்ம முறை போயிரும்.”