அரசாங்கம் வந்திருக்கு

ஒஸ்லோவில், ரொம்சோஸில் இருக்கும் சிறிதேவிக்கு அந்தப் பனி மாரியில் நாலு தொன் எடை இருந்தது. பார்வைக்கு ஆள் மெலிவுதான். அவளுடைய குளிர் ஜாக்கெட்டுக்குள் இன்னொரு சிறிதேவி தாராளமாகப் போகலாம். ஆனால் பேருந்துச் சாரதிகள் அவளைக் கண்டதும் பின்சில்லுக்கு மேலே போய் நிற்கச் சொல்வார்கள். அவளும் மறுபேச்சில்லாமல் போய் நிற்பாள். வேலை முதியோர் இல்லத்தில். பாதையெல்லாம் ஐசாகக் கிடக்கும் நாட்களில் அங்குள்ள கிழவர்களும் கிழவிகளும் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டுதான் உலாவப் போவார்கள். அவள் வழுக்கியதை எவரும் கண்டதில்லை. குடியிருப்புச் சனமும் காலையில் ரயிலுக்குப் போகும்போது வெட்கப்படாமல் அவளைப் பிடித்துக்கொண்டே இறங்கும்.

முன்பு அவள் இதைவிடக் கனம். போர்க்காலத்தில் ஊரில் புரட்சிக்காரர்களின் அரசாங்கம் ஒன்று இருந்தது. நீதிமன்றம், காவல்துறை, வரி, எல்லாமே இருந்தன. சண்டைக்காரருக்குச் சாப்பாடு சேர்க்கும் பிரிவுக்கு அப்போது சின்னப் பெட்டையாக இருந்த சிறிதேவி பொறுப்பு. ஊர் ஊராகப் போய், அரசாங்கம் வந்திருக்கு, அரிசி தாங்கோ, சண்டை முடியத் திருப்பித் தருவம் என்று சொல்லி வாங்குவாள். சனமும் கொடுத்தது. பிறகு சண்டை முடிந்தது, அதோடு அரசாங்கமும் முடிந்தது. கொடுத்தவர்களில் பலர் ஒஸ்லோவுக்கு வந்து சேர்ந்தார்கள். வாங்கியவளும் வந்து சேர்ந்தாள். ஒரே ரயில் பெட்டியில் ஆளையாள் பார்த்து முழிக்க வேண்டியதாயிற்று.

அந்தக் கடனை யார் கட்டுவது என்று அம்மருட் மண்டபத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டம் வைத்தார்கள். சங்கத் தலைவர் பிலேந்திரன் சட்டம் படித்தவர். கடன்பட்ட அரசாங்கமே இல்லை, ஆகவே கடனும் இல்லை என்றார். அரைவாசிப் பேர் கை தட்டினார்கள். மற்ற அரைவாசிப் பேர், அந்த அரசாங்கத்துக்கென்று வெளிநாட்டில் சேர்த்த காசை அமுக்கி வைத்திருக்கிறவன் கட்டட்டும் என்று மேசையில் குத்தினார்கள். அமுக்கியது யார் என்று கேட்கப் போய்க் கதவடியில் இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். அப்போது கடைசி வரிசையில் இருந்து சிறிதேவி எழும்பினாள்.

"கை நீட்டி வாங்கினது நான். நான் தாறன்."

சொல்லிவிட்டு இருந்தாள். கதிரை நொறுங்கியது. அவள் வாங்கிய அரிசியின் கனம் முழுவதும் அந்த நிமிடமே அவள் மேல் வந்து இறங்கிவிட்டது. மண்டபத் தரையில் விழுந்த பள்ளத்தின் மேல் கம்பளம் விரித்துத்தான் இன்றைக்கும் பரதநாட்டிய வகுப்பு நடக்கிறது.

அன்றே அவளும் கணவர் குலேந்திரனும் ஐந்தாம் மாடியை விட்டு அடிவீட்டுக்கு மாறினார்கள். ரொம்சோஸ் பாறைமேல் கட்டிய இடம்; பாறை ஒன்றும் சொல்லவில்லை. குலேந்திரன் லொறி ஓட்டுபவர், பாரத்தைக் கண்டு பயப்படாத மனுசன். சம்பளம் வந்ததும் சிறிதேவி அரிசி மூட்டை வாங்குவாள், ஒரு வீட்டில் கொண்டுபோய் இறக்குவாள், இறக்கிய அளவுக்கு அவளுடைய உடம்பு லேசாகும். ஊரில் இருந்தவர்களுக்கு ஆள் வைத்துக் கொடுத்தாள். இப்படியே பத்துப் பன்னிரண்டு வருசம். அந்தக் காலத்தில் அவள் ஒரு நல்ல சேலை வாங்கி நாங்கள் கண்டதில்லை. இவள் கடனைக் கட்டினால் எல்லோரையும் அல்லவா கட்டச் சொல்வார்கள் என்று பிலேந்திரன் கொதித்தார். ஆனாலும் அவருடைய மாமியாருக்குச் சேர வேண்டிய மூட்டையை அவரே வாசலில் நின்று வாங்கி உள்ளே வைத்தார்.

மிஞ்சியது பியோர்ண்டாலில் இருக்கும் ஞானசேகரம் ஒருவர்தான். மட்டக்களப்பார், படுவான்கரையில் அரிசி ஆலை வைத்திருந்தவர். நாலு தொன்னும் அவருடையது. சிறிதேவி வருசா வருசம் ஒரு மூட்டையோடு போவாள், அவர் கதவடியிலேயே திருப்பி அனுப்புவார். கோபம் கிடையாது. தான் கொடுத்தது அரசாங்கத்துக்கு, அரசாங்கம் வந்து தரட்டும் என்பார். அவளிடம் வாங்கினால் அரசாங்கம் இனி இல்லை என்று தன் வாயாலேயே சொன்னது போலாகிவிடும், அதைத் தன்னால் சொல்ல முடியாது என்று மனைவி கனகேஸ்வரியிடம் ஒருநாள் அழுதாராம்.

அந்த மாரியில்தான் மகன் நிலன், வடக்கே தூரத்து ட்ரொம்சோவில் எமிலியாவைக் கலியாணம் செய்யப் போவதாகச் சொன்னான். ட்ரொம்சோவுக்குத் தண்டவாளம் இல்லை. நாலு தொன் மனுசியை எந்த விமானமும் ஏற்றாது. லொறியில் கொண்டுபோகிறேன் என்று குலேந்திரன் சொன்னார். பெற்ற பிள்ளையின் கலியாணத்துக்கு மூட்டை மாதிரிப் போய் இறங்கமாட்டேன் என்று அவள் சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு குசினிக்குள் போய் அழுதாள்.

மறுநாள் காலை, ஞானசேகரத்துக்கென்று வருசக்கணக்காக வாங்கிச் சேர்த்து வைத்திருந்த மூட்டைகள் எல்லாவற்றையும் லொறியில் ஏற்றிக்கொண்டு பியோர்ண்டாலுக்குப் போனாள். குலேந்திரன் லொறியைக் கீழே நிறுத்தினார், அவள் ஒரு மூட்டையைத் தூக்கிக்கொண்டு கதவைத் தட்டினாள். ஞானசேகரம் திறந்தார்.

"ஒனக்கு நான் தரல்ல புள்ள. அரசாங்கத்துக்குத்தான் குடுத்த நான். அது வரட்டும்."

சிறிதேவி மூட்டையை இறக்கவில்லை. "அண்ணை, அண்டைக்கு உங்கடை ஆலை வாசலிலை நிண்டு நான் என்ன சொன்னனான்? அரசாங்கம் வந்திருக்கு எண்டனான். பின்னாலை ஒருத்தரும் வரேல்லை, நான் தனியத்தான் வந்தனான். நீங்களும் நம்பித் தந்தனீங்கள். இண்டைக்கும் தனியத்தான் வந்திருக்கிறன்."

ஞானசேகரம் அவளைக் கால் முதல் தலை வரை பார்த்தார். கண் கலங்கிவிட்டது. பிறகு உள்ளே திரும்பி, சாதாரணமாகத்தான் சொன்னார்.

"கனகு, அரசாங்கம் வந்திருக்கு. தேத்தண்ணி போடு."

மத்தியானம் வரை மூட்டை இறக்கினார்கள். பாத்திரமோ சாக்கோ, வாங்கியதை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கிற வழக்கம் கனகேஸ்வரிக்கு இல்லை. கடைசிச் சாக்கைக் கொட்டியவர், அதே அரிசியில் ஒரு கைப்பிடி அள்ளி அதற்குள் போட்டு, மகனுடைய கலியாணத்தில் தலையில் தூவி வாழ்த்தும் அறுகரிசிக்கு என்று சொல்லிக் கொடுத்தார். சிறிதேவி வெளியே வந்து முதல் அடி வைத்தாள். வைத்ததும் ஐசில் வழுக்கி மல்லாக்க விழுந்தாள். விழுந்தபடியே சிரித்தாள். ஞானசேகரம் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் அள்ளிக் கொடுத்ததில் பியோர்ண்டாலில் அந்த மாதம் யாரும் அரிசி வாங்கவில்லை. முதியோர் இல்லத்தில்தான் கொஞ்சம் மனவருத்தம். இரும்பு ஊன்றுகோல்கள் எடுத்துக் கொடுத்தார்கள்.

கோடையில் அவள் விமானத்தில் ஜன்னல் கரையில் இருந்து ட்ரொம்சோவுக்குப் போனாள். ஆளில் கனம் இல்லை. அந்தக் கைப்பிடி அரிசி மட்டும் தன் கனத்தை விடவில்லை. கைப்பையைக் குலேந்திரன் இரண்டு கையாலும் தூக்கி வந்தார். தாலி கட்டி முடிந்ததும் சிறிதேவி புதுச்சேலை சரசரக்க மேடைக்கு ஏறி, மகனுக்கும் மருமகளுக்கும் அந்த அரிசியைத் தூவினாள். பிள்ளைகளின் தலையில் அது பூவாகத்தான் விழுந்தது. கீழே சிதறிய இடத்தில் மேடைப் பலகை கிரீச்சிட்டு ஒரு விரல் அளவு தாழ்ந்தது. எமிலியாவின் தாய் தன் கதிரையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார். பிறகு எல்லோரும் சாப்பிடப் போனார்கள்.