தாழ் போடாத வீடு

என்னோடு முப்பத்தாறு வருஷம் குடித்தனம் பண்ணிய மனிதரை ஒரு தகரப் பெட்டி, ஒரு பாய், ஒரு ஸ்டவ்வோடு ஆட்டோவில் ஏற்றி அனுப்பிய அன்று நான் வீடு பெருக்கவில்லை. ஊருக்குப் போகிறவர் வாசல் தாண்டியதும் துடைப்பம் எடுக்கக் கூடாது. ஆனால் இவர் எந்த ஊருக்குப் போனார்? ராபர்ட்சன்பேட்டை பஜாரில் கடையும் வீடும் இருக்க, பக்கத்துச் சாம்பியன் ரீப்ஸில், தங்கச் சுரங்கத் தொழிலாளிகளுக்குக் கட்டிய ஒரு லைன் வீட்டுக்குப் போனார். அங்கே யாருமில்லாதவராக இருக்கப் போனார். என் தலையெழுத்து, அந்தப் பெட்டியை அடுக்கிக் கொடுத்தவளே நான்தான்.

அவருக்கு இதயத்தில் மூன்று அடைப்பு. பைபாஸ் செய்தே ஆக வேண்டும், இரண்டு மாசத்துக்கு மேல் தள்ளாதீர்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வறுமைக் கோட்டுக்குக் கீழே என்கிற பிபிஎல் கார்டு இருந்தால் மொத்தச் செலவும் அரசாங்கத்தினுடையது. எங்களிடமும் அந்தக் கார்டு இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன் கடைக்கு ஃப்ரீசர் வாங்க பேங்கில் கடன் கேட்டபோது, வருமான வரிக் கணக்கு போட்ட தாள் கொண்டு வாருங்கள் என்றார்கள். கடன் கிடைக்க வேண்டுமே என்று, வராத வியாபாரத்தையும் வந்ததாகக் கூட்டி எழுதிக் கொடுத்தார் இவர். ஃப்ரீசர் வந்தது. ஒரு ரூபாய் வரி கட்டவில்லை. ஆனால் கணக்கு போட்டவன் ஏழையா என்று கேட்டு, போன வருஷம் கார்டைக் கோட்டுக்கு மேலே தூக்கி ஏபிஎல் ஆக்கிவிட்டார்கள். அந்தக் கார்டுக்கு மூன்றில் ஒரு பங்குகூடக் கிடைக்காது. இல்லாத பணத்தை இருப்பதாக எழுதினோம், அது இருப்பதாகவே ஆகிவிட்டது.

பஸ் ஸ்டாண்டு பக்கம் கணக்குத் தாள்கள் போட்டுத் தரும் மனோகர்தான் வழி சொன்னான்.

"கடைய உங்க பேருக்கு மாத்திடுங்க ஆன்ட்டி. வருமானம் உங்க பக்கம் வந்துடும். நீங்க பெங்களூர்ல பையன் கார்டுல சேந்துடுங்க. அங்கிள் தனி ஆளு, வருமானம் இல்ல, வேற வீடு. அவ்ளோதான்."

"தனி ஆளுன்னா?"

"யாருமில்லன்னு. விசாரிக்க வருவாங்க, அதுக்காவ அங்கயே தங்கணும். அக்கம்பக்கத்துல கேட்டாலும், ஆஸ்பத்திரில கேட்டாலும் சம்சாரம்னு வாயத் தொறந்துடாதீங்க. மாட்னா கார்டும் போச்சு, ஆபரேஷனும் போச்சு."

இவர் பேரில் எழுதிய உறுதிமொழித் தாளைச் சாட்சிக் கையெழுத்துக்காக என்னிடமே நீட்டினான் கடன்காரன். 'எனக்கு மனைவி மக்கள் ஆதரவு எவரும் இல்லை' என்று இருந்தது. எழுதினது ஒரு தடவை பலித்ததைப் பார்த்தவள் நான். கையெழுத்துப் போடவில்லை. பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் போட்டார்.

அந்த லைன் வீட்டுக்குச் சொந்தக்காரர் முனிரத்தினம், சுரங்கத்தில் வேலை செய்து ஓய்ந்தவர். பக்கத்து வீட்டிலேயே இருக்கிறார். பேசுவதைவிட இருமுவது அதிகம். வாடகை பேசி முடித்தபின் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"கதவ சாத்திக்கோங்க, தாழ் மட்டும் போடாதீங்கோ."

இவர் திகைத்துப் போனார். கடைக்கு மூன்று பூட்டு போட்டு, நாலாவது தடவை இழுத்துப் பார்த்துவிட்டு வருகிற மனிதர்.

"எங்க அண்ணன் ஊடு இது. ஆளு ஷிப்ட்டுக்கு எறங்குனா, மேல வர்ற வரிக்கும் கதவுக்குத் தாழ் போட மாட்டோம். இந்த லைன்ல எல்லா ஊட்லயும் அப்டித்தான். அண்ணன் எறங்குனாரு, பாறை வெடிச்சிது, ஒடம்பு கூட மேல வரல. எங்க அண்ணி தாயம்மா சாவற வரிக்கும் தாழ் போடல. இப்ப நாம போட்டா நல்லாவா கீது?"

என்னைக் காட்டி "இவங்க?" என்று கேட்டார்.

"தெரிஞ்சவங்க," என்றார் என் புருஷன், என் முகத்தைப் பார்க்காமல்.

தினமும் மத்தியானம் கடையைப் பாதி ஷட்டர் இறக்கிவிட்டுச் சோறு எடுத்துக்கொண்டு போவேன். உப்பில்லாத ரசம், உப்பில்லாத கூட்டு. "மனுஷன் துன்றதா இது?" என்பார். "துன்னுட்டுப் பேசுங்க" என்பேன். முதல் இரண்டு நாள் கதவு தானாகத் திறக்கிறது, தூக்கமே இல்லை என்று புலம்பினார். நாலாம் நாள் புலம்பவில்லை. சுரங்கக் கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டிலிருந்து காற்று அடித்துத் தட்டில் தூசு விழுந்தது. அதைக்கூடத் தட்டாமல் சாப்பிட்டார்.

"யாரோ வந்து கதவாண்ட உக்காந்துனு கீற மாதிரி இருக்குது சௌந்தரம். முன்ன பயந்தேன். இப்ப துணையா கீது."

"இன்னா பேச்சு இது? நான் இல்லியா துணைக்கு?"

கொஞ்ச நேரம் என்னை உற்றுப் பார்த்தார். என்னை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று யோசிக்கிற பார்வை அது. "நீ நேரத்தோட கெளம்பு, யாராவது பாக்கப் போறாங்க" என்றார். பாத்திரத்தைக்கூடக் கழுவாமல் வந்துவிட்டேன். அன்றிலிருந்து வீட்டில் அவர் படுக்கிற பக்கம் நான் திரும்பிப் படுப்பதில்லை. செத்தால்தான் ஆவியாக வருவார்களா? உயிரோடு இருக்கும்போதே ஒரு மனிதரை வீட்டிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக அழித்துவிட முடிகிறதே!

பதினோராம் நாள் கார்டு ஆபீசிலிருந்து விசாரணைக்கு ஸ்வப்னா என்ற பெண் வந்தாள். எங்கள் பையன் ஹரிஷ்குமார் வயசுதான் இருக்கும். நான் சோற்றைப் பிசைந்து கொடுத்துக்கொண்டிருந்த நேரம். சட்டென்று எழுந்து சுவரோரம் நின்றுகொண்டேன். ஸ்டவ்வையும் பாயையும் போட்டோ எடுத்தாள். பிறகு கன்னடத்தில் கேட்டாள், "மனேல எஷ்டு ஜன இத்தீரா?" வீட்டில் எத்தனை பேர் என்று.

பத்து நாளாக இதற்குத்தான் பழகியிருந்தோம். ஒருவர் என்று சொன்னால் போதும். இவர் வாயைத் திறந்தார்.

"லாபம்."

எனக்குத் தலையில் இடி விழுந்தது. எங்கள் கடைகளில் ஒன்று என்ற எண்ணே கிடையாது. அரிசி அளந்தாலும் சரி, முட்டை எண்ணினாலும் சரி, லாபம், ரெண்டு, மூணு என்றுதான் போகும். நாற்பது வருஷம் படியும் கையுமாக நின்ற வாய், சமயம் பார்த்து வழக்கத்தைக் காட்டிவிட்டது. கடைக்காரன் என்று நெற்றியில் எழுதி ஒட்டியதுபோல் ஆயிற்று. இவருக்கும் புரிந்துவிட்டது. முகம் வெளுத்து, கை தானாக நெஞ்சுக்குப் போனது.

அவள் பேனாவை எடுத்தவள் எழுதவில்லை. அவரைப் பார்த்தாள். மடியில் வைத்த சோற்றுத் தட்டைப் பார்த்தாள். பிறகு என் கைவிரல்களைப் பார்த்தாள். ஐந்து விரலிலும் பிசைந்த சோறு ஒட்டியிருந்தது.

"நீவு யாரம்மா?"

"தெரிஞ்சவங்க," என்றேன்.

குனிந்து ஏதோ எழுதினாள். போகும்போது கதவருகே நின்று தமிழில் சொன்னாள்: "மாத்திரைய நேரத்துக்குக் குடுங்க."

பதினைந்து நாளில் கார்டு வந்துவிட்டது. குடும்பத் தலைவர்: துளசிராமன். உறுப்பினர்கள்: ஒன்று. சாமி படத்துக்கு முன்னால் வைக்க எனக்கு மனசு வரவில்லை.

பெங்களூர் ஆஸ்பத்திரியில் கார்டு பார்க்கும் மேஜையில் இருந்த பையன், "கூட யாரு?" என்று கேட்டான். மகன் என்று ஹரிஷ் சொன்னான். "இவங்க?" பின்னால் வரிசையில் இருபது பேர். அவன் ஒரு பேச்சுக்குத்தான் கேட்டிருப்பான். மனைவி என்று சொல்லியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காதோ என்னவோ. ஆனால் ஒரு மாசமாகப் பழகிய என் நாக்கு. "தெரிஞ்சவங்க" என்றது. உள்ளே தங்குகிற ஒரே பாஸ் ஹரிஷுக்குப் போயிற்று. மத்தியானம் மூன்று மணிக்குச் செக்யூரிட்டி என்னை வெளியே போகச் சொன்னான். சக்கர நாற்காலியில் வார்டுக்குப் போகிற இவர் திரும்பி என்னைப் பார்த்தார். "வர்றேங்க" என்று அந்நியருக்குச் சொல்வதுபோல் மரியாதையாகச் சொன்னார். அந்த 'ங்க' என்னைக் கொன்றுவிட்டது. நடிப்பாகத்தான் இருக்கும். நடிப்புத்தான் என்று சத்தியம் பண்ண என்னால் முடியாது.

"நீ ஊட்டுக்குப் போய் காலைல மொத ட்ரெயின்ல வந்துடும்மா," என்றான் ஹரிஷ். ரயிலில் ஏறினேன். பங்காருபேட்டை தாண்டியது, கோரமண்டல் தாண்டியது, நான் இறங்க வேண்டிய ஊரும் தாண்டியது. எழுந்திருக்கவே தோன்றவில்லை. சாம்பியன் ரீப்ஸில் இறங்கி லைன் வீட்டுக்கு நடந்தேன். கதவைத் தள்ளினால் திறந்தது. விளக்கு போடாமல் அவருடைய பாயில் உட்கார்ந்தேன். அவருடைய தைல வாசனை இருந்தது.

வெளியே இருமல் கேட்டது. "உள்ள ஆரு?" என்றார் முனிரத்தினம்.

வாய்வரை வந்தது அந்தப் பழைய பதில். இந்த வீட்டில் அது செல்லாது என்று பட்டது.

"நாந்தாண்ணே. அவரு சம்சாரம்."

சொன்னதும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவர் இருமி முடிக்கும்வரை அழுதேன்.

"அது மொத நாளே தெரியும்மா. தெரிஞ்சவங்க எவ, உப்பில்லாத சோத்தத் திட்டிகினே துன்ன வெப்பா?" பிறகு, "ஆபரேஷனுக்கு எப்ப எறக்குறாங்க?" என்று கேட்டார்.

"காலைல எட்டு மணிக்குண்ணே."

"மேல வர்றதுக்கு?"

"நாலஞ்சு மணி நேரம் ஆவும்னாங்க."

"ஒரு ஷிப்ட்டு கூட இல்ல," என்றார். தன் வீட்டுக்குப் போய்விட்டார்.

பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. எழுந்து போய்க் கதவைச் சாத்தினேன். கை பழக்கத்தில் தாழ்ப்பாளைத் தொட்டது. எடுத்துவிட்டேன். திரும்பி வந்து உட்கார்வதற்குள் மேட்டுப் பக்கமிருந்து காற்று வந்து, கதவு ஒரு சாண் திறந்தது. நான் பாயில் சுவரை ஒட்டி நகர்ந்து, பாதி இடம் விட்டு உட்கார்ந்தேன்.