முழங்கை அசைந்தால்

சும்மா கிடைப்பது எதுவானாலும் அதைத் திருப்பிப் போட்டு உள்பக்கத் தையலைப் பார்க்கிற பழக்கம் எனக்கு. பழைய துணியைத் திருத்தித் தைப்பது என் பிழைப்பு. வெளிப்பக்கம் எல்லாத் துணியும் அழகாகத்தான் இருக்கும். அதனால் ஊரில் இருக்கிற டப்பா கம்பெனி எங்கள் பள்ளிக்கூடத்துக்கு இலவசக் காதுப் பரிசோதனை வேன் அனுப்புகிறது என்று மகள் ஒரு படிவத்தை நீட்டியபோது, மற்ற அம்மாக்களைப் போல முதல் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போகவில்லை. இரண்டாம் பக்கத்தைத் திருப்பினேன்.

அங்கேதான் இருந்தது விஷயம். தகப்பனார் எங்கே வேலை, எந்தப் பிரிவு, எத்தனை வருடம் என்று மூன்று கட்டங்கள். அதற்குக் கீழே, எறும்பு ஊர்கிற எழுத்தில், பிள்ளைக்குக் குறை தெரிந்தால் பெற்றோருக்கும் பரிசோதனை நடக்கும் என்று ஒரு வரி. பிள்ளையின் காதைப் பார்க்க அப்பன் எத்தனை வருடம் உழைத்தான் என்பது எதற்கு?

என் வீட்டுக்காரர் அதே கம்பெனியில், பிரஸ் பிரிவில், பதினான்கு வருடமாக இருக்கிறார். தகட்டை வைத்தால் இயந்திரம் ஓங்கி அடித்து டப்பா மூடியாக்கும். நாளெல்லாம் அந்த அடி. அவர் காது பாதிக்கு மேல் போய்விட்டது. அது அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியும், கம்பெனிக்குத் தெரியாது. யார் என்ன சொன்னாலும் சிரித்துக்கொண்டே ஆமாம் என்று தலையாட்டிவிடுவார். பிரிவில் அவருக்குப் பேரே 'ஆமாம்சாமி'. மேலதிகாரியிடம் குழைகிறார் என்று நினைத்து வைத்த பேர். குழைவாவது மண்ணாவது, மனுஷனுக்குக் கேட்பதில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னால் இதே கம்பெனி இலவசக் கண் முகாம் நடத்தியது. எதிர்வீட்டுக் கிரேன் அண்ணன் முதல் ஆளாகப் போய் நின்றார். கண்ணாடி கொடுத்தார்கள், போட்டோ எடுத்தார்கள். அடுத்த மாதமே அவரைக் கிரேனிலிருந்து இறக்கி, கேட்டில் வண்டி நம்பர் எழுதுகிற வேலையில் உட்காரவைத்தார்கள். சம்பளம் பாதியாகிவிட்டது. கண் சரியில்லாதவரைக் கிரேனில் ஏற்றக் கூடாது என்பது நியாயம்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. அந்த நியாயத்தைப் போட்டோ எடுப்பதற்கு முன்னால் சொல்லியிருக்கலாம் அல்லவா? கண்ணாடி போட்டுச் சிரிக்கிற அவர் படம் இன்னமும் கம்பெனி வரவேற்பறையில் தொங்குகிறது.

என் பயம் வீட்டுக்காரரைப் பற்றி மட்டும் இல்லை. என் மகள் சிட்டுவுக்கும் காது மந்தம். எட்டு வயது. பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பமாட்டாள், முகத்தைப் பார்த்துப் பேசினால் எல்லாம் புரியும். அவளுடைய டீச்சர் நல்ல மனுஷி. தானாகவே சந்தேகப்பட்டு, அவளை முதல் பெஞ்சில் உட்காரவைத்து, பலகையில் எழுதும்போதுகூட அவள் பக்கம் திரும்பித் திரும்பிப் பேசுவார். டாக்டரிடம் காட்டுங்கள் என்று இரண்டு தடவை சொல்லியனுப்பினார். பெரிய ஆஸ்பத்திரிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும், ஒரு நாள் முழுக்கப் போய்விடும் என்று நானும் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன்.

இப்போது நூல் எங்கிருந்து எங்கே ஓடுகிறது என்று தெரிந்துவிட்டது. சிட்டுவின் காதைப் பிடித்தால் அவள் அப்பாவின் காது தானாக வரும். அனுப்பாமல் இருந்துவிடலாம் என்றால் அதற்கும் வழியில்லை. ஒரு பிள்ளைகூட விடுபடக் கூடாது என்று தலைமையாசிரியை கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். பள்ளிக்கூடக் கட்டடத்துக்குப் பெயின்ட் அடித்ததே கம்பெனிதான்.

முதல் நாள் வேறு வகுப்புக்குப் பரிசோதனை. சாப்பாட்டு டப்பா கொடுக்கிற சாக்கில் போய் வேன் பக்கத்தில் நின்றேன். புழுக்கத்துக்காகக் கதவைத் திறந்துதான் வைத்திருந்தார்கள். உள்ளே ஒல்லியாக ஒரு இளைஞர், கழுத்தில் கம்பெனி அட்டை. காதுக்காரர் என்று பிள்ளைகள் அவருக்குப் பேர் வைத்துவிட்டார்கள். பிள்ளைக்கு ஹெட்போன் மாட்டிப் பக்கவாட்டில் உட்காரவைக்கிறார். அவர் பெட்டியில் ஒரு பட்டனை அமுக்க, சத்தம் கேட்டால் பிள்ளை கையைத் தூக்க வேண்டும். ஒவ்வொரு தடவை அமுக்கும்போதும் அவருடைய வலது முழங்கை லேசாக எழும்பி இறங்கியது. பத்துப் பிள்ளைகள் பார்த்தேன், பத்துக்கும் எழும்பியது. ஆள் அகப்பட்டுக்கொண்டார்.

சாயங்காலம் வீட்டில் ஒத்திகை. கம்பெனி கொடுத்து யாரும் போடாத காதுமூடியை சிட்டுவுக்கு மாட்டினேன். பிஸ்கட் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு நான்தான் காதுக்காரர். முழங்கை அசைந்தால் கையைத் தூக்கு, முகத்தை நேராக வைத்துக்கொள், கண்ணை மட்டும் திருப்பு. அரை மணி நேரத்தில் கற்றுக்கொண்டாள். அவளுக்கு அது விளையாட்டு. வீட்டுக்காரர் கதவில் சாய்ந்து பார்த்துச் சிரித்தார். இதைத்தானே நான் பதினான்கு வருடமாகச் செய்கிறேன் என்றார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு கேட்டார்.

"அவளுக்கு நெஜமாவே கேக்கலேன்னா காதுல வைக்கிற மெஷின் தருவாங்களாமே?"

"மெஷின் தருவாங்க. கூடவே உங்களக் கேட்டுல உக்கார வைப்பாங்க. எது வேணும், சொல்லுங்க."

ஆமாம் என்று தலையாட்டினார். நான் சொன்னது காதில் விழுந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. நானும் திருப்பிக் கேட்கவில்லை.

மறுநாள் சிட்டு ஒன்றுகூட விடாமல் கையைத் தூக்கினாள். இரண்டு காதும் இயல்பு என்று சீட்டு வந்தது. கம்பெனி முத்திரை போட்ட ஒரு பென்சில் பெட்டியும் வந்தது. என் காதில் பூச்சுற்ற வந்தவர்கள் காதில் நான் பூச்சுற்றிவிட்டேன் என்று அன்றைக்கு எனக்கு ஒரே தெம்பு. பாட்டுகூட முணுமுணுத்தேன்.

மூன்று வாரம் கழித்து டீச்சர் கூப்பிட்டனுப்பினார். வகுப்பு வாசலில் நின்று எட்டிப் பார்த்தால் முதல் பெஞ்சில் வேறு ஒரு பெண். என் மகள் கடைசி பெஞ்சில், சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். டீச்சர் அந்தச் சீட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். கோபமாகப் பேசவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

"காது நல்லாருக்குன்னு ரிப்போர்ட்டே சொல்லுதுங்க. நாந்தான் இத்தனை நாளா தப்பா நெனச்சு எடம் குடுத்திருக்கேன். அவளுக்குக் கவனந்தான் இல்ல. எத கேட்டாலும் 'ஆமா டீச்சர்'ங்கறா."

சொல்வதைக் கேட்டு எழுதுவதில் மூன்று வாரமும் பூஜ்யம். இரண்டு தடவை நிற்கவைத்திருக்கிறார். அதையும் மறைக்காமல் சொன்னார். நான் வெளியே வரும்போது இரண்டு பிள்ளைகள் சிட்டுவைப் பார்த்து 'ஆமா டீச்சர்' என்று கூப்பிட்டுச் சிரித்தன. அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னதால் அவளுக்கும் புரிந்தது. அவளும் சிரித்தாள், அப்படியே அவள் அப்பாவின் சிரிப்பு.

வேறொரு வகுப்பில் ஒரு பையனுக்கு மெஷின் கிடைத்திருந்தது. அவன் அப்பா பேக்கிங் பிரிவு. அவரையும் கூப்பிட்டுக் காதைப் பார்த்தார்களாம். அவருக்கு இன்னும் ஒன்றும் ஆகவில்லை. அந்த 'இன்னும்' எனக்கு உறுத்தியது, இப்போதும் உறுத்துகிறது.

வீட்டுக்காரரை எதிரே உட்காரவைத்து, உதடு தெரிகிற மாதிரி, நிறுத்தி நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னேன். இந்தத் தடவை அவர் ஆமாம் சொல்லவில்லை.

"எனக்குக் காது போனதுக்குச் சம்பளமாவது குடுத்தாங்க. அவளுக்கு என்ன குடுத்தாங்க? பென்சில் டப்பா. கூட்டிட்டுப் போ."

வேன் அப்போது நான்கு தெரு தள்ளி இன்னொரு பள்ளிக்கூடத்தில் நின்றது, அதுதான் கடைசி நாள். சிட்டுவை இழுத்துக்கொண்டு ஓடினேன். பிள்ளைகள் எல்லாருக்கும் முடிகிறவரை காத்திருந்து, காதுக்காரரிடம் ஒன்றுவிடாமல் ஒப்புக்கொண்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் வாட்டர் பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடித்துவிட்டு, எனக்கு அப்பவே சந்தேகந்தான் அக்கா என்றார்.

"நடுவுல ஒரு தடவ கழுத்தச் சொறிஞ்சேன். அதுக்கும் கையத் தூக்கினா. ஆனா ஒரு நாளைக்கு நூத்தி இருபது பிள்ளைங்களப் பாத்தாகணும். இயல்புன்னா ஒரு பக்கம், கொறைன்னா நாலு பக்கம் எழுதணும்."

பளாரென்று ஒன்று வைக்கலாமா என்று இருந்தது. ஆனால் முதல் அறை எனக்குத்தான் விழ வேண்டும், அந்த வரிசையும் எனக்குத் தெரியும். அதனால் கேட்க வந்ததை மட்டும் கேட்டேன். அந்த இரண்டாம் பக்கம் எங்கே போகிறது, யார் கைக்கு?

"பெட்டில போட்டு சீல் வச்சு அனுப்பறேன். அதுக்கப்புறம் யாரு படிக்கறாங்கன்னு எனக்குத் தெரியாதுக்கா."

இல்லவே இல்லை, ஒன்றும் ஆகாது என்று சொல்லியிருந்தால் பொய் என்று தெரிந்து நிம்மதியாகச் சண்டை போட்டிருப்பேன். தெரியாது என்றதில் எனக்குப் பயம் கூடிவிட்டது. இருந்தாலும் புதுப் படிவம் வாங்கி, இரண்டாம் பக்கத்தைத் திருப்பி, பிரஸ் பிரிவு, பதினான்கு வருடம் என்று தெளிவாக எழுதினேன்.

அவர் நாற்காலியைத் திருப்பிச் சுவரைப் பார்க்கப் போட்டார். வேன் கதவைச் சாத்தினார். சிட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டு, நல்ல பிள்ளையாக நிமிர்ந்து, தூக்குவதற்கு வாகாகக் கையை மடியில் வைத்துக்கொண்டாள். நான் அவளுக்குப் பின்னால் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

அவர் அமுக்கினார். முழங்கை எழும்பியது, பெட்டியில் பச்சை விளக்கு எரிந்து அணைந்தது. சிட்டுவின் கை அசையவில்லை. மறுபடி அமுக்கினார், குமிழைத் திருகிக் கூட்டினார், அமுக்கினார். நான் எண்ணிக்கொண்டே வந்தேன். பத்தைத் தாண்டியது. மந்தம், மந்தம் என்று நானாகவே ஒரு பேர் வைத்துக்கொண்டிருந்தேன். இன்னும் கூட்டினார். பின்னால் உட்கார்ந்திருந்த எனக்கே ஹெட்போனிலிருந்து கீச்சென்று கசிந்து கேட்டது. அடுத்த காதுக்கு மாற்றினார். பச்சை விளக்கு எரிந்து எரிந்து அணைந்தது. அவள் சுவரையே பார்த்துக்கொண்டு கையைத் தயாராக வைத்திருந்தாள்.

கடைசியில் பொறுக்க முடியாமல் தலையைத் திருப்பி என் வாயைப் பார்த்துக் கேட்டாள்.

"அம்மா, இன்னும் ஆரம்பிக்கலையா?"