வந்ததும் வெளியேற்றும் வரி

மருந்துக் கிடங்கில் பேக்கிங் வேலை பார்க்கும் அந்தப் பெண்ணை மாலைக் கணினி வகுப்பில் எல்லோரும் 'நோட்டம்மா' என்றுதான் கூப்பிடுவார்கள். எதையும் நோட்டில் வரிசை எண் போட்டு எழுதாமல் அவளுக்குக் கை ஓடாது. இன்று ஏழு மணிக்குள் செய்முறைப் பாடத்தை ஒப்படைத்தால் சான்றிதழ். நாளைக் காலை அதைக் காட்டினால் கிடங்கின் கணினிப் பிரிவில் இடம். இல்லையென்றால் அது வேறொருவருக்குப் போய்விடும்.

பாடம் மூன்று நாளுக்கு முன்பே தயார். வகுப்பு சர்வரில் உள்ள தன் கணக்கிலிருந்து அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. ஆனால் வேலை முடிந்ததும் கணக்கிலிருந்து வெளியேற மறந்துவிடுகிறாள் என்று போன வாரம் பாடம் நடத்தும் மேடம் எல்லோர் முன்னாலும் கடிந்துகொண்டது அவளுக்கு இன்னும் உறுத்தியது. கட்டளைகளைத் தட்டும் டெர்மினல் ஜன்னலில் நுழைந்ததும் தானாக ஓடும் தொடக்கக் கோப்பைத் திறந்து, நோட்டில் இருந்த வரிசையை அப்படியே இறக்கினாள். ஒன்று, பாடக் கோப்புறைக்குப் போ. இரண்டு, பட்டியலைக் காட்டு. மூன்று, வெளியேறு. சேமித்தாள். எதையும் சோதிக்காமல் விடுபவள் அல்ல. வெளியேறி மறுபடி நுழைந்தாள்.

பட்டியல் கண்ணிமைக்கும் நேரம் தெரிந்தது. ஜன்னல் மூடிக்கொண்டது.

வேலை முடியும்வரை காத்திருக்காமல் மூன்று வரியும் ஒரே மூச்சில் ஓடும் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. திருத்துவதற்கு உள்ளே போக வேண்டும். போனால் அவள் எழுதிய வரியே கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுகிறது.

"என்ன நோட்டம்மா, பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க?" பக்கத்து நாற்காலியில் படிக்கும் எலக்ட்ரீஷியன் எட்டிப் பார்த்தார்.

"உள்ள விடமாட்டேங்குதுண்ணே. வந்ததும் வெளிய போன்னு நானே எழுதி வெச்சுட்டேன்."

"நல்ல உபசரிப்பு!" என்று சிரித்தவர், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க."

"கோப்பு இந்தப் பெட்டியில இல்லண்ணே, சர்வர்ல இருக்கு."

ஆனாலும் செய்து பார்த்தாள். அதே கதைதான்.

மேடம் வந்து குனிந்து பார்த்தார். "உங்க கணக்குக்குள்ள போக சர்வர் நிர்வாகியாலதான்மா முடியும். அவர் ஃபிளைட்ல இருக்கார். எட்டு மணிக்குத்தான் இறங்குவார்."

"ஏழு மணியக் கொஞ்சம் தள்ளி வைக்க முடியாதா மேடம்?"

"அதுவும் அவர் கையிலதான் இருக்கு. ஏழானா ஒப்படைக்கிற பக்கம் தானா மூடிக்கும்."

"என் கணக்குலேருந்து அனுப்பட்டுமே?" என்றார் எலக்ட்ரீஷியன்.

"உங்க பேர்லதானே போகும்?" என்றார் மேடம்.

"எனக்கு எதுக்கு மேடம் ரெண்டு பாஸ்?"

யாரும் சிரிக்கவில்லை. ஏழுக்குப் பத்து நிமிடம் இருந்தது. கடவுச்சொல்லை ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துப் பார்த்துத் தட்டினாள், தவறு அதில் இல்லை என்று தெரிந்தும். ஒன்பது முறை. பத்தாவது முறை விரல் எழவில்லை.

ஏழு மணிக்கு மேடம் பட்டியலில் அவள் பெயருக்கு நேரே இருந்த கட்டத்தைக் காலியாக விட்டு அடுத்த பெயருக்குப் போனார். எலக்ட்ரீஷியனின் திரையில் 'ஏற்கப்பட்டது' என்று பச்சையில் வந்தது. அவர் அவள் கண்ணில் படாதபடி மானிட்டரை மெல்லத் திருப்பி வைத்தார்.