தனித்தட்டு

விடிந்தும் விடியாமலும் மல்லிகைத் தோட்டத்தில் இறங்க வந்த மனைவி பொன்னழகை வரப்பிலேயே மறித்தான் சுருளிவேல். "சாமிக்குப் போற பூவு. இந்தச் சொறிக் கையால தொடாத. வீட்டுக்குப் போ."

அவள் கூடையை வைத்துவிட்டுத் திரும்பினாள். உடம்பெல்லாம் ஊறல், சொறிந்து சொறிந்து முழங்கை வரை புண். ரெட்டியார்சத்திரத்துப் பக்கம் சுருளிவேலின் பூவுக்குத் தனி மரியாதை உண்டு. தொத்துநோய்க்காரி பறித்த பூ என்று ஒரு பேச்சு திண்டுக்கல் பூக்கடைகளில் கிளம்பினால் போதும், கூடை கூடையாகத் திரும்பி வந்துவிடும். அந்தப் பயத்தில் அவளுக்குத் தனிப் பாய் போட்டான், தனி அலுமினியத் தட்டு வைத்தான்.

ஒரு மாதம் கழித்து அவளே தயங்கித் தயங்கிச் சொன்னாள். "கண்ணு மஞ்சளா இருக்குன்னு பக்கத்து வீட்டு பேச்சாயி அக்கா சொல்லுது. வெளிக்குப் போனா சுண்ணாம்பாட்டம் வெளுத்துப் போகுது. ஆஸ்பத்திரிக்குப் போவமா?"

"தெனம் மஞ்சப் பூசிக் குளிக்கிறவ பின்ன எப்பிடி இருப்ப? காமாலைன்னா கீழாநெல்லி அரைச்சுக் குடி. ஆஸ்பத்திரிக்குப் போயி ஊருக்குத் தமுக்கடிக்கணுமா?"

கீழாநெல்லி குடித்தாள், பத்தியம் இருந்தாள், மந்திரித்த தண்ணீரும் குடித்தாள். மஞ்சள் மட்டும் இறங்கவில்லை. நான்காம் மாதம், சேலை இடுப்பில் நிற்காத அளவுக்கு அவள் இளைத்த பிறகுதான் அவளோடு மதுரை ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினான்.

வயிற்றைத் திறந்து பார்த்த டாக்டர் அவனைத் தனியாக அழைத்தார்.

"ஈரல்ல இருந்து பித்தம் ரெண்டு குழாய்ல வந்து ஒண்ணா சேரும், ரெண்டு வாய்க்கா சேருற மாதிரி. அந்தச் சேருற எடத்துல புத்துநோய். பித்தம் இறங்க வழியில்லாம ரத்தத்துல கலந்திருக்கு. மஞ்சள், ஊறல் எல்லாம் அதனாலதான்."

"அப்ப அந்தச் சொறி ஒட்டாதுங்களா?"

"யாருக்கும் ஒட்டாது. நோய் ஒரு பக்கக் குழாயோட நிக்கிற கட்டம்னா வெட்டி எடுக்கப் பாப்போம். இது ரெண்டு பக்கமும் ஏறி ஈரலுக்குள்ளயும் போயிருச்சு. முன்னாடியே வந்திருந்தா பொழைச்சிருப்பாங்கன்னு சொல்லமாட்டேன். முயற்சி செஞ்சு பாத்திருக்கலாம்."

சுருளிவேலால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவமானம் பிடுங்கித் தின்றது.

வீட்டுக்கு வந்த அன்று பேச்சாயி கஞ்சி கொண்டுவந்தாள். பொன்னழகு மூலையிலிருந்த தன் தட்டை எடுத்துக்கொண்டாள். சுருளிவேல் அவளெதிரே உட்கார்ந்து அதே தட்டில் கை வைத்தான். அவள் பதறித் தட்டை இழுத்தாள்.

"ஒட்டிக்கிரும். தள்ளி உக்காருங்க."

அவன் உடைந்து அழுதான். "ஒட்டாது புள்ள. ஒன் நோய்க்கு வெக்கப்பட்டு மூடி வச்சேன். என் புத்திக்குல்ல நான் வெக்கப்பட்டிருக்கணும்."

பிறகு பேச்சாயியைப் பார்த்துச் சொன்னான். "அக்கா, கண்ணு மஞ்சளாச்சு, ஊறலெடுக்குதுன்னா மறைக்காம உடனே டாக்டர்ட்ட காட்டணும்னு எல்லார்ட்டயும் சொல்லு. சுருளிவேலு பூ விக்காதுன்னு பயந்து பொண்டாட்டிய ஒளிச்சு வச்சான்னு என் பேரச் சொல்லியே சொல்லு. பூக்கடையில நானே சொல்லிக்கிறேன்."